கென்னுக்கு ஒரு சமையல் புத்தகம்

“உங்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்குமே, செல்வா?” என்று மிஸஸ் டன்கன் கேட்டார். செல்வநாயகி தலையை ஆட்டிவிட்டாள்.

எது என்று கேட்டுவிட்டு ஆட்டியிருக்கலாம். ஆனால் கொழும்பில் ஒரு அரசாங்கத் திணைக்களத்து நூலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் அவள். மேலதிகாரி கேள்வி கேட்டால் முதலில் தலை ஆடும், காது பிறகுதான் வேலை செய்யும்.

மேசையில் மூன்று சமையல் புத்தகங்கள் கிடந்தன. மூன்றும் பிலிப்பீன்ஸ் நாட்டுச் சமையல்.

“புத்தகக் கடைக்காரர் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார். ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மற்ற இரண்டும் திரும்பிப் போகவேண்டும். எது என்று நீங்களே சொல்லுங்கள். நான் ஸ்கொட்லாந்துக்காரி, எனக்கு ஓட்ஸ் கஞ்சிக்கு மேல் தெரியாது. உங்கள் சாப்பாடும் அவர்களுடைய சாப்பாடும் ஏறக்குறைய ஒன்றுதானே?”

“ஏறக்குறைய” என்றாள் செல்வநாயகி.

அவள் தன் வாழ்நாளில் பிலிப்பீன்ஸ் சாப்பாட்டைக் கண்ணாலும் கண்டதில்லை.

அது 1988, நவம்பர் மாதம். நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் மவுண்ட் ரோஸ்கில்லுக்குப் பக்கத்துப் புறநகர் ஒன்றின் சின்ன நூலகம். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு புருசனோடு வந்து சேர்ந்த செல்வநாயகி அங்கே தற்காலிக உதவியாளர். டிசம்பரில், நத்தார்ப் பண்டிகையோடு ஒரு மூத்த ஊழியர் ஓய்வு பெறுகிறார். அந்த நிரந்தர இடத்துக்கு இரண்டு பேர் கண் வைத்திருந்தார்கள். ஒருத்தி செல்வநாயகி. மற்றவள் நூலகப் படிப்பு முடித்துவிட்டு வந்த வெள்ளைக்காரப் பெண், இருபத்துச் சொச்சம் வயது. சைக்கிளில் வந்து, வாசலிலேயே எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். யாரைப் பரிந்துரைப்பது என்பது நூலகப் பொறுப்பாளரான மிஸஸ் டன்கனின் கையில் இருந்தது.

“எனக்கு வேண்டியது ஒன்றுதான்” என்று அவர் இருவரிடமும் ஒரே மாதிரிச் சொல்லியிருந்தார். “ஒரு புத்தகத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், நான் மறுபடி போய்ப் பார்க்கவேண்டிய தேவை இருக்கக் கூடாது.”

இந்தச் சமையல் புத்தகத்தைக் கேட்டது லிகாயா. முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக வேலை செய்யும் பிலிப்பீன்ஸ் பெண். மணிலாவுக்குத் தெற்கே ஏதோ ஒரு தீவில் பிறந்து, கென் என்ற நியூஸிலாந்துக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். கென் பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர். லிகாயாவுக்குப் பின்னேர வேலை என்பதால் வீட்டில் சமையல் கென்னின் பொறுப்பு.

“அவர் நல்ல மனிதர்” என்று லிகாயா கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொல்லியிருந்தாள். “ஆனால் திங்கள் சொசேஜும் அவித்த உருளைக்கிழங்கும். செவ்வாய் அவித்த உருளைக்கிழங்கும் சொசேஜும். எங்கள் வீட்டுச் சாப்பாடு சமைக்கிற மாதிரி ஒரு புத்தகம் வேண்டும், ஆதே. அவர் புத்தகத்தைத் திறக்கவேண்டும், சமைக்கவேண்டும். நான் பக்கத்தில் நிற்கக் கூடாது. நின்றால் சண்டை வரும்.”

ஆதே என்றால் அவர்கள் மொழியில் அக்கா. முதல் நாளே அப்படித்தான் கூப்பிட்டாள். செல்வநாயகிக்கு அது பிடித்துப்போயிற்று.

மூன்று புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

வீட்டில் புருசன் சோதிலிங்கம் தொலைக்காட்சிக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். கொழும்பில் வங்கியில் கணக்குப் பார்த்தவர். இங்கே ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் போத்தல் செய்கிற தொழிற்சாலையில் காலை வேலை.

“இதென்ன, புத்தகக் கட்டு?”

“பிலிப்பீன்ஸ் சமையல். எது திறம் எண்டு நான்தான் சொல்லவேணுமாம்.”

“நீர் எப்ப பிலிப்பீன்ஸ் போனனீர்?”

“தெரியுமெண்டு சொல்லிப்போட்டன்.”

சோதிலிங்கம் காலை மடக்கிக்கொண்டு நிமிர்ந்தார். “நல்ல வேலை செய்தீர். தெரியாதெண்டு சொல்லியிருந்தால் அடுத்த நிமிசம் அந்தச் சைக்கிள் பெட்டையிட்டைப் போயிருக்கும். அவளும் தெரியுமெண்டுதான் சொல்லியிருப்பாள்.”

“இப்ப என்ன செய்யிறது?”

“சமையும், சாப்பிட்டுப் பாப்பம். எது வாய்க்கு ருசியா இருக்கோ அதுதான் நல்ல புத்தகம். இதுக்குப் பிலிப்பீன்சுக்குப் போகவேணுமே?”

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. செல்வநாயகி மூன்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள்.

முதலாவது பெரிய புத்தகம். அமெரிக்காவில் அச்சிட்டது. பளபளப்பான தாளில் பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சங்கு, ஒரு செவ்வரத்தம் பூ, பின்னால் கடல். அளவெல்லாம் துல்லியம். கிடைக்காத பொருளுக்கு மாற்றுப் பொருளும் போட்டிருந்தது.

இரண்டாவது தடித்தது. மணிலாவில் அச்சிட்டது, படம் ஒன்றுகூட இல்லை. முதல் பக்கத்தைத் திறந்ததும் முழுப் பன்றி ஒன்றை வயிற்றைக் கீறி நிரப்பி நாற்பது பேருக்குப் பரிமாறுவது எப்படி என்று ஆரம்பித்தது. அடுத்தது கத்தோலிக்க ஆயர் வீட்டுக்கு வந்தால் வைக்கிற விருந்து. செல்வநாயகி நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு மூடினாள். ஏதோ ஒரு மணிலாச் சீமாட்டி எழுதியது, வீட்டுச் சமையலுக்கும் இதற்கும் வெகுதூரம் என்று முடிவு கட்டினாள்.

மூன்றாவது மெல்லியது. கம்பிச் சுருளால் கட்டியது. கலிபோர்னியாவில் குடியேறிய பெண்கள் சிலர் சேர்ந்து தங்கள் தங்கள் வீட்டுச் சமையலை எழுதித் தட்டச்சு செய்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே எழுதியவளின் பெயர். ‘வினாகிரி தேவையான அளவு. பதம் வரும்வரை வேகவிடவும். ருசி பார்த்துச் சரிசெய்யவும்.’ அதைப் பார்த்ததுமே அவளுக்கு மனம் இளகிற்று. இது அல்லவா வீட்டுக்காரி எழுத்து!

அந்த வாரம் முழுவதும் சமையல் நடந்தது. பன்றி இறைச்சி அந்த வீட்டுக்குள் வராது, ஆகவே எல்லாவற்றுக்கும் கோழி. வெள்ளிக்கிழமை மரக்கறி, ஆகவே வெள்ளிக்கிழமை பிலிப்பீன்ஸுக்கு விடுமுறை. வினாகிரிக் காடியிலும் சோயாவிலும் உள்ளிப்பூண்டிலும் கோழியை வேகவைக்கிற அடோபோ, புளி கரைத்துக் காய்கறி போடுகிற சினிகாங், தேங்காய்ப்பாலில் பூசணிக்காய். ஒவ்வொன்றையும் மூன்று புத்தகத்திலிருந்தும் மூன்று தரம் செய்தாள்.

சோதிலிங்கம் ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

“அவங்களும் எங்கட ஆக்கள்தான் போல” என்றார். “இந்தப் புளி ரசம் உம்மட அம்மா வைக்கிறது மாதிரியே இருக்கு.”

“புத்தகத்தைச் சொல்லுங்கோ. எது திறம்?”

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தக் கம்பிப் புத்தகத்துக் கோழி... அது வேற விசயம்.”

அவளுக்கும் அதே எண்ணம்தான். பெரிய புத்தகத்துக் கோழி பரவாயில்லை, தடித்த புத்தகத்துக் கோழி கொஞ்சம் மட்டு. கம்பிச் சுருள் புத்தகத்துக் கோழிதான் நாக்கில் நின்றது. திங்கட்கிழமை மிஸஸ் டன்கனிடம் போய், “இதுதான் உண்மையான வீட்டுச் சமையல்” என்று கம்பிச் சுருளை நீட்டினாள்.

“நிச்சயமாக?”

“நிச்சயமாக.”

“நல்லது. அடுத்த திங்கட்கிழமை புத்தகக் கடைக்கு ஓடர் போகிறது, இதையும் சேர்த்துவிடுகிறேன்” என்று மிஸஸ் டன்கன் அதைத் திறந்தும் பார்க்காமல் ஒரு பக்கமாக வைத்தார். செல்வநாயகிக்கு அந்த நிரந்தர இடத்தில் பாதி உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோசத்தில்தான் அவள் வியாழக்கிழமை ஒரு காரியம் செய்தாள். லிகாயா புத்தகம் திருப்பிக் கொடுக்க வருகிற நாள் என்று தெரியும். கம்பிச் சுருள் புத்தகத்து அடோபோவை நினைவிலிருந்தே மறுபடி வைத்து ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, மதிய இடைவேளையில் அவளை நூலகத்துக்கு வெளியே இருந்த மர வாங்கில் உட்காரவைத்துக் கையில் கொடுத்தாள்.

லிகாயா ஒரு துண்டை வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். இன்னொரு துண்டை எடுத்தாள்.

“நன்றாக இருக்கிறது, ஆதே! இது உங்கள் ஊர்க் கறியா?”

“இல்லையே. அடோபோ.”

லிகாயா டப்பாவைப் பார்த்தாள், செல்வநாயகியைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். பஸ் தரிப்பிடத்தில் நின்ற ஒரு கிழவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

“அடோபோ மண்ணிறம், ஆதே. இது சிவப்பு. என்ன போட்டீர்கள்?”

“புத்தகத்தில் உள்ளதுதான். கோழி, வினாகிரி, சோயா, உள்ளி, மிளகு.”

“பிறகு?”

“பிறகு ஒன்றும் இல்லை.”

“காரம் எங்கேயிருந்து வந்தது?”

செல்வநாயகி போன வாரத்துத் தன் சமையலறையை மனதில் ஓட்டிப் பார்த்தாள். சட்டி அடுப்பில் இருக்கிறது. இடக்கை புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வலக்கை அடுப்புக்குப் பக்கத்திலிருக்கும் போத்தலைத் திறக்கிறது, ஒரு கரண்டி அள்ளுகிறது, சட்டியில் தட்டுகிறது, போத்தலை மூடுகிறது. மிளகாய், மல்லி, சீரகம், மிளகு எல்லாம் வறுத்து அரைத்த யாழ்ப்பாணத் தூள். அந்தக் கை யாரையும் கேட்கவில்லை. மூச்சு விடுகிற மாதிரி அது தன் பாட்டில் போட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புருசனிடம் கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, நான் அந்தப் பிலிப்பீன்ஸ் கறிகளுக்குத் தூள் போட்டனானோ?”

“இதென்ன கேள்வி? போடாமலோ? நீர் தூள் போடாமல் வைக்கிறது தேத்தண்ணி மட்டும்தான்.”

“பாத்துக்கொண்டே இருந்தனீங்கள்?”

“ஓம்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்லுறது? உப்புப் போடேக்கை இஞ்சை பார் உப்புப் போடுறாய் எண்டு ஆராவது சொல்லுவினமோ?”

செல்வநாயகி கதிரையில் உட்கார்ந்தாள். இப்போது எல்லாம் விளங்கிற்று. அவள் தீர்ப்புச் சொன்னது புத்தகத்துக்கு அல்ல. துல்லியமாக அளவு சொன்ன புத்தகம் அவள் கையைக் கொஞ்சம் கட்டிப்போட்டது, அதனால் அந்தக் கறி பரவாயில்லை. ‘ருசி பார்த்துச் சரிசெய்யவும்’ என்று விட்டுக்கொடுத்த கம்பிச் சுருள் புத்தகம் அவள் கையை அவிழ்த்துவிட்டது. அவளும் தன் நாக்குக்குச் சரிவரும்வரை சரிசெய்துகொண்டே போயிருக்கிறாள். எந்தப் புத்தகத்தில் அதிகம் இடைவெளி இருந்ததோ, அந்தப் புத்தகம் அவளுக்கு ருசித்தது. அவ்வளவுதான் விசயம்.

“இப்ப என்ன குடி மூழ்கிப் போச்சு?” என்றார் சோதிலிங்கம். “அந்த மனிசி கேட்டவ, நீர் ஒரு புத்தகத்தைக் காட்டினீர். அதுவும் பிலிப்பீன்ஸ் புத்தகம்தானே? ஆர் போய்ச் சமைச்சுப் பாக்கப்போகினம்?”

“லிகாயாவின்ரை மனிசன் பாப்பார். முதல் ஆளா அவர்தான் எடுத்துக்கொண்டு போவார்.”

“போகட்டும்.”

“சொசேஜ் அவிக்கிற மனிசனுக்குத் தேவையான அளவு எண்டால் எவ்வளவு எண்டு விளங்குமோ? ரெண்டாம் நாள் கொண்டுவந்து கவுண்டரிலை போடுவார். மிஸஸ் டன்கன் அங்கைதான் நிப்பா.”

“டிசம்பர் கழியுமட்டும் பொறும். இடம் கிடைச்ச பிறகு என்னத்தையும் சொல்லும். இப்ப போய் எனக்குத் தெரியாதெண்டு சொன்னால், அவ உமக்கு மாலை போட்டு அந்தக் கதிரையிலை இருத்துவாவோ?”

இருத்தமாட்டார். அது செல்வநாயகிக்கும் தெரியும். எழுந்து போய் அடோபோ மிச்சத்தைச் சூடாக்கினாள். இருவரும் சாப்பிட்டார்கள். அப்போதும் அது நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நூலகம் திறக்க முன்னரே மிஸஸ் டன்கனின் அறைக்குள் போய் நின்றாள்.

“அந்தச் சமையல் புத்தகத்தைப் பற்றி நான் சொன்னது பிழை. ஓடரில் போடவேண்டாம்.”

மிஸஸ் டன்கன் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன்?”

“நான் எங்கள் மிளகாய்த் தூளைப் போட்டுச் சமைத்துவிட்டேன். மூன்றிலும். எனக்குத் தெரியாமலே.”

“தெரியாமல் எப்படிப் போடுவது?”

“நீங்கள் காலையில் பல் துலக்கினீர்களா?”

“துலக்கினேன் என்றுதான் நினைக்கிறேன்.”

“அப்படித்தான்.”

மிஸஸ் டன்கன் சிரிக்கவில்லை. “சரி, தூள் போடாமல் அது எப்படி இருக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியாது. நான் பிலிப்பீன்ஸ் சாப்பாடு சாப்பிட்டதே இல்லை.”

“தெரியும் என்றீர்கள்.”

“நீங்கள் கேட்ட விதத்தில் தெரியாது என்று சொல்ல இடம் இருக்கவில்லை” என்றாள் செல்வநாயகி. சொன்ன பிறகுதான் அது கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று பட்டது. ஆனால் சொன்னதை அள்ள முடியாது.

மிஸஸ் டன்கன் கண்ணாடியைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். பிறகு கம்பிச் சுருள் புத்தகத்தை எடுத்து மற்ற இரண்டின் மேல் வைத்து, மூன்றையும் அவள் பக்கம் தள்ளினார்.

“திங்கள் மத்தியானம் ஓடர் போகும். அன்று பின்னேரம் நான் நகரத்துத் தலைமை நூலகத்துக்குப் போய் அந்த நிரந்தர இடத்துக்கு ஒரு பெயர் சொல்லவேண்டும். இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.”

கதவுக்கு வெளியே வந்தபோது சைக்கிள் பெண் நாளிதழ்களை அடுக்கிக்கொண்டு, “காலை வணக்கம், செல்வா!” என்றாள். அவளை நொந்து என்ன பயன்? செல்வநாயகியும் வணக்கம் சொன்னாள்.

இனி என்ன செய்வது? திரும்பத் தூள் இல்லாமல் சமைத்துப் பார்க்கலாம். பார்த்து? சப்பென்று இருக்கிறது என்பாள். அது சரியான சப்பா, பிழையான சப்பா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? லிகாயாவைச் சமைக்கச் சொல்லலாம். அவள் கையும் புத்தகத்தைக் கேட்காது, அவளுடைய அம்மாவின் அடோபோவைத்தான் வைக்கும். யாழ்ப்பாணத்துக் கை ஒரு பக்கம் இழுத்தால் பிலிப்பீன்ஸ் கை இன்னொரு பக்கம் இழுக்கும். இதற்குச் சமைக்கிற பழக்கமே இல்லாத ஒரு கை வேண்டும். புத்தகம் சொன்னதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாத கை.

அவள் தொலைபேசியை எடுத்து லிகாயாவிடம் விசயத்தைச் சொன்னாள்.

“கென்னா?” என்றாள் லிகாயா. “நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசக் கூடாதா? ஆதே, இதை ஏன் நான் கலியாணம் முடித்த முதல் வாரமே யோசிக்கவில்லை?”

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மவுண்ட் ரோஸ்கில்லில் கென்னின் வீட்டில் சோதனை நடந்தது. கென் உருவத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டி அளவு இருந்தார். முன்கையில் நங்கூரம் பச்சை குத்தியிருந்தார். “எனக்கு முட்டை அவிக்கத் தெரியும்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார். பெண்கள் இருவரும் முன் அறையில். சமையலறை வாசல் தாண்டக் கூடாது, வாய் திறக்கக் கூடாது.

முதலில் பெரிய புத்தகம். உள்ளே கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு கென்னின் குரல் வந்தது.

“லிக், வாழையிலை எங்கே இருக்கிறது?”

லிகாயா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“படத்தில் வாழையிலை இருக்கிறது. மேலே ஒரு பூவும் இருக்கிறது. பூவும் சாப்பிடுவதா?”

கடைசியில் கோழி தட்டில் வந்தது. வாழையிலைக்குப் பதிலாகத் தோட்டத்திலிருந்து ஏதோ ஒரு செடியின் இலை. லிகாயா இரண்டு வாய் சாப்பிட்டாள்.

“கெட்டது என்று சொல்லமாட்டேன். விமானத்தில் தருகிறது இப்படித்தான் இருக்கும்” என்றாள். “எங்கள் வீட்டில் யாரும் அடோபோவுக்கு அன்னாசி போடுவதில்லை.”

பின்னேரம் கம்பிச் சுருள் புத்தகம். இந்தமுறை உள்ளே இருந்து வந்த சத்தம் வேறு விதம்.

“தேவையான அளவு! யாருக்குத் தேவையான அளவு?”

சட்டி மூடி விழுந்தது.

“பதம் வரும்வரையாம்! அது எந்தப் பதம், எப்போது வரும்? பஸ்ஸா?”

லிகாயா கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கென் மூன்றாவது தரமாக வினாகிரிப் போத்தலைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டபோது அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து உள்ளே ஓடினாள். அவ்வளவுதான், கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கரண்டியோடு கத்தத் தொடங்கினார்கள். செல்வநாயகி தன் கைப்பையை எடுத்துக்கொண்டு மெல்லப் பஸ்ஸுக்கு நடந்தாள். அந்தப் புத்தகத்தைத்தான் அவள் ‘நிச்சயமாக’ என்று சொல்லி நீட்டியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தடித்த புத்தகம். அவளுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. கென் முதல் பக்கத்தைத் திறந்து, “நாற்பது பேரா? என் தம்பியைக்கூட நான் கூப்பிடவில்லை” என்றார். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அமைதி. நீண்ட அமைதி. தண்ணீர் ஓடியது. கத்தி பலகையில் விழுந்தது. வினாகிரி மணம் வந்தது, உள்ளி மணம் வந்தது. கேள்வி ஒன்றும் வரவில்லை.

“உயிரோடு இருக்கிறாரா?” என்று லிகாயா காதுக்குள் கேட்டாள்.

கோழி மண்ணிறமாக வந்தது. கென் அதை மேசையில் வைத்துவிட்டுப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்தார்.

“பின்பக்கத்தில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. இந்த அம்மா என்னோடு நேருக்கு நேர் பேசுகிறார். கையைக் கழுவு என்கிறார். சட்டியை இந்த அடுப்பில் வை என்கிறார். வினாகிரி கொதிக்கும்வரை கிளறாதே, கிளறினால் பச்சை மணம் போகாது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில் என்கிறார். நானும் கட்டிக்கொண்டு நின்றேன்.”

செல்வநாயகி புத்தகத்தை இழுத்துப் பார்த்தாள். கடைசி அத்தியாயம், அவள் அந்த வாரம் முழுவதும் எட்டிப் பார்க்காத பக்கங்கள். அடோபோ அவள் கண்ணில் பட்டது விருந்துப் பகுதியில்தான். இங்கே தலைப்பு: ‘கிராமத்திலிருந்து புதிதாக வந்த வேலைக்காரப் பெண்ணுக்கு.’ அதற்குக் கீழே அன்றாடச் சமையல் முழுவதும், ஒன்றும் தெரியாத ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, ஒரு படியும் விடாமல்.

லிகாயா அவள் தோளுக்கு மேலாகத் தலைப்பைப் படித்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“என் பெரியம்மா மணிலாவில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தவர்” என்றாள். “இப்படித்தான் பேசுவார்களாம். கையைக் கழுவு. வாயை மூடு.”

கென் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சமையல் ஏப்ரன் அவர் வயிற்றைப் பாதிதான் மூடியிருந்தது. லிகாயா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“பரவாயில்லை. இந்த வேலைக்காரப் பெண்ணுக்கு இது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது” என்றாள்.

பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டாள். அடோபோவை ஊற்றினாள். சாப்பிட்டாள். முடித்துவிட்டு மறுபடி சோறு போட்டுக்கொண்டாள். கென்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். செல்வநாயகியும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. புளிப்பும் உப்பும் உள்ளியுமாக இருந்தது. ஏதோ ஒன்று வராமலே போன மாதிரி நாக்கு காத்துக்கொண்டிருந்தது. அவள் வலக்கை மேசையில் எதையோ தேடிற்று. பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை தடித்த புத்தகத்தை மிஸஸ் டன்கனின் முன்னால் வைத்தாள்.

“இது.”

“நீங்கள் சாப்பிட்டீர்களா?”

“சாப்பிட்டேன்.”

“பிடித்ததா?”

“இல்லை.”

“பிறகு?”

“கேட்டவர்களுக்குப் பிடித்தது. சமைக்கத் தெரியாத ஒருவர் தனியாக நின்று சமைத்தார், யாரையும் கூப்பிடவில்லை. முன்பாதி முழுவதும் பெரிய விருந்து, அது இங்கே யாருக்கும் பயன்படாது. கடைசி அத்தியாயத்துக்காகத்தான் வாங்கவேண்டும். அதன் தலைப்பு சிலருக்குப் பிடிக்காது. லிகாயாவுக்கே முதலில் பிடிக்கவில்லை. அதற்குமேல் எனக்குத் தெரியாது.”

மிஸஸ் டன்கன் புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்துப் பன்றியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு பின்பக்கத்துக்குப் போய் வாசிக்கத் தொடங்கினார். செல்வநாயகி நின்றுகொண்டே இருந்தாள். மறுபடி போய்ப் பார்க்கத் தேவையில்லாத ஆள்தான் வேண்டும் என்று சொன்னவர், இப்போது ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வாசகர்கள் வந்து கதவைத் தள்ளிப் பார்த்தார்கள்.

“இந்தமுறை நீங்கள் சமைக்கவில்லையே?” என்று தலை நிமிராமலே கேட்டார்.

“என்னைச் சமையலறைப் பக்கமே விடவில்லை.”

மிஸஸ் டன்கனின் உதடு ஒரு பக்கம் கோணிற்று. புத்தகத்தை மூடி ஓடருக்குப் போகிற அடுக்கின் மேல் வைத்தார். எழுந்து கதவுச் சாவியை எடுத்தார். வாசலில் ஒரு கணம் நின்றார்.

“ஜனவரியிலிருந்து நீங்கள் சனிக்கிழமையும் வரவேண்டியிருக்கும், செல்வா. ஒன்று விட்டு ஒரு சனி. நிரந்தரமாக இருக்கிற எல்லாருக்கும் அது உண்டு.”

அன்று பின்னேரம் அவள் சொன்னதைச் சோதிலிங்கம் இரண்டு தரம் கேட்டார். முதல் தரம் சந்தோசத்துக்கு. இரண்டாம் தரம் விபரத்துக்கு.

“சனிக்கிழமையுமோ? அப்ப சனிக்கிழமை சமையல் ஆர்?”

“நீங்கள்தான்.”

“எனக்கென்ன தெரியும்?”

“ஒண்டும் தெரியாதெல்லே? அதுதான் நல்லது” என்றாள் செல்வநாயகி. தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.